பெயர் சொல்லிப் பறக்கும் விமானங்கள்



சென்ற தவணையில் ஒரு நாட் காலை. எங்கள் பாடசாலை முற்றத்திற் காலைப் பிரார்த்தனை முடிந்து, மாணவர் தத்தம் வகுப்புகளுக்குக் கலைந்துகொண்டிருந்த வேளையில், ஒரு சிறிய விமானம் தெற்கிலிருந்து வடக்கு நோக்கிப் பறந்து சென்றது. அதன் இரைச்சலைக் கேட்டவுடன் என் கால்கள் ஒரு கணம் தாமாகவே நின்றுவிட்டன. கண்கள் வானத்தைப் பார்க்கவில்லை, நிலத்தைப் பார்த்தன, ஒதுங்குவதற்கு ஒரு பள்ளத்தைத் தேடின. வன்னி மண்ணில் வாழ்ந்து நடுவயதைக் கடந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. விமான ஓசை கேட்டால் பதுங்குகுழிக்குள் இறங்கவேண்டும் என்பதைப் பாடத்திட்டத்துக்கு வெளியே நின்று நாம் பிள்ளைகளுக்குக் கற்பித்த காலம் ஒன்று இருந்தது. போர் 2009ஆம் ஆண்டில் முடிந்தது. ஆயினும் செவி அன்று கற்ற பாடத்தை இன்னும் முற்றாக மறக்கவில்லை.

என் அருகில் தரம் பத்தில் பயிலும் மாணவி ஒருத்தி நின்றாள். அவள் போருக்குப் பின்னர் பிறந்தவள். அண்ணாந்து பார்த்துக் கையசைத்துவிட்டு, பக்கத்தில் நின்ற இளம் விஞ்ஞான ஆசிரியரிடம், "சேர், அது எங்க போகுது?" என்று கேட்டாள். ஆசிரியர் தமது கைத்தொலைபேசியை எடுத்துப் பார்த்தார். திரையிலே இலங்கைப் படம். அதன்மேல் ஊர்ந்து செல்லும் ஒரு சிறிய மஞ்சட் குறி. "இரத்மலானையிலிருந்து பலாலிக்குப் போகிறது. பதிவிலக்கம் 4ஆர் என்று தொடங்குகிறது. ஆகவே நம் நாட்டு விமானந்தான். உயரம் எட்டாயிரம் அடி" என்றார். மாணவி சற்று யோசித்துவிட்டு, "இதெல்லாம் போனுக்கு ஆர் சேர் சொன்னது?" என்றாள்.

"அந்த விமானமேதான் சொன்னது" என்றார் ஆசிரியர்.

நேயர்களே, அந்த விடை என்னை அன்று முழுவதும் சிந்தனையில் ஆழ்த்தியது. நான் கலைப்பட்டதாரி, பொறியியலாளன் அல்லன். எனினும், எங்கிருந்து வருகிறது, எதற்காக வருகிறது என்று அறியாத விமானங்களின் ஒலிக்கு அஞ்சி வாழ்ந்த ஓர் ஊரவன் என்ற முறையில், தன் பெயரையும் இடத்தையும் தானே சொல்லிக்கொண்டு பறக்கும் விமானத்தைப் பற்றி அறிந்துகொள்ள வேண்டும் என்ற ஆவல் எனக்குள் எழுந்தது. படித்தும் கேட்டும் அறிந்தவற்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பறக்கும் விமானத்தை நிலத்திலிருந்து கண்டறிவதற்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வருவது ராடார். அது வானொலி அலையை வானத்திற் செலுத்தி, விமானத்தின் மீது பட்டுத் திரும்பும் எதிரொலியைப் பிடிக்கும் கருவி. இருட்டறையிற் கைவிளக்கை நான்கு புறமும் சுழற்றி ஒருவனைத் தேடுவதற்கு அதனை ஒப்பிடலாம். பின்னர் வந்த ராடார் விமானத்தை நோக்கி "நீ யார்?" என்று வினவும், விமானத்திலுள்ள கருவி விடை கூறும். இரண்டிலும் தேடுவதும் கேட்பதும் நிலத்தில் நிற்பவரே. ராடார் நிலையமோ பெருஞ்செலவினது. எல்லா ஊர்களிலும் நிறுவ இயலாதது. மேலும், நேர்கோட்டிற் செல்லும் அவ்வலை, மலைக்குப் பின்னாலும் பூமியின் வளைவுக்குக் கீழும் தாழப் பறக்கும் சிறு விமானத்தைக் காண்பதில்லை.

புதிய முறை இதனைத் தலைகீழாக்கியது. இங்கே ஒருவரும் தேடுவதில்லை, விமானமே சொல்கிறது. ஆங்கிலத்தில் இதனை ஏ.டி.எஸ்.பி. என்ற நான்கு எழுத்துகளால் அழைப்பர். அவற்றின் பொருளைப் பிரித்துச் சொன்னால், தானாக இயங்குவது, விமானத்தின் சொந்த வழிகாட்டிக் கருவியைச் சார்ந்து நிற்பது, கண்காணிப்புக்கு உதவுவது, கேட்க விரும்பும் எல்லோருக்குமாக ஒலிபரப்புவது என்பனவாகும். ஒலிபரப்பு என்ற சொல் வானொலி நேயர்களுக்குப் புதிதன்று. இவ்வகையிற் பார்த்தால், இக்கருவி பொருத்திய விமானம் ஒவ்வொன்றும் ஒரு சிறிய வானொலி நிலையம். "நான் இன்னார், இந்த இடத்தில் இருக்கிறேன், இந்த உயரத்தில், இந்த வேகத்தில், இந்தத் திசையிற் செல்கிறேன்" என்பதே அதன் ஒரே நிகழ்ச்சி. அதனை அது நொடிக்கு இருமுறை ஒலிபரப்பிக்கொண்டே இருக்கிறது.

தான் இருக்கும் இடம் விமானத்துக்கு எவ்வாறு தெரிகிறது? அதற்குச் செய்மதிகள் உதவுகின்றன. பூமிக்கு மேலே ஏறக்குறைய 20,200 கிலோமீற்றர் உயரத்தில் ஜி.பி.எஸ். செய்மதிகள் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றிலும் மிக நுட்பமான அணுக் கடிகாரம் உண்டு. ஒவ்வொரு செய்மதியும் தன் இடத்தையும் நேரத்தையும் அறிவித்துக்கொண்டே இருக்கும். அவ்வறிவிப்பு வந்துசேர எடுத்த நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணித்து, குறைந்தது நான்கு செய்மதிகளின் கணக்கை ஒன்றுசேர்த்தால், கருவி தன் இடத்தை அறிந்துகொள்ளும். முல்லைத்தீவுக் கடலில் வலை விட்ட இடத்தை மறுநாள் தேடிப் போகும் நம் கடற்றொழிலாளர் கையில் வைத்திருக்கும் சிறு கருவியும் இந்தச் செய்மதிகளைத்தான் நம்பியிருக்கிறது.

இச்செய்மதிகள் முதலிற் படைத்துறைக்கெனவே திட்டமிடப்பட்டவை. 1983ஆம் ஆண்டு செப்டெம்பர் முதலாம் நாள், வழி தவறிச் சோவியத் வான்பரப்பினுள் நுழைந்த கொரியப் பயணிகள் விமானம் ஒன்று சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் மாண்டனர். அதன் பின்னரே, இம்முறை நிறைவடைந்ததும் உலகத்தின் குடிசார் விமானங்களும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என அமெரிக்க ஜனாதிபதி றேகனின் அரசு அறிவித்தது. இன்று நாம் கைத்தொலைபேசியில் வழி பார்க்கும் வசதிக்குப் பின்னால் அந்த 269 உயிர்களும் இருக்கின்றன என்பதை நாம் நினைவிற் கொள்ளவேண்டும்.

வன்னியில் வயற்காவல் இருந்தவர்களுக்கு இப்புதிய முறையை விளக்குவது மிக எளிது. காலபோகத்து வயல் முற்றும் காலத்தில் இரவுக் காவலுக்குப் போவோம். பன்றியும் யானையும் இறங்கும் இருட்டு. ஒருவர் முகம் மற்றொருவருக்குத் தெரியாது. ஒரு காவற்கொட்டிலில் இருப்பவர் "ஓ" என்று நீட்டிக் கூவுவார். அடுத்த வயலில் இருப்பவர் மறுகூவல் கொடுப்பார். அதற்கடுத்தவரும் கொடுப்பார். யார் எங்கே இருக்கிறார், யார் விழித்திருக்கிறார் என்பது அக்கூவலினால் வயல்வெளி முழுவதற்கும் தெரிந்துவிடும். நடுவில் ஓர் அதிகாரி நின்று பெயர் கூப்பிடவில்லை. ஒவ்வொருவரும் தம் இருப்பைத் தாமே அறிவித்தனர். பிறர் அறிவித்ததைக் காது கொடுத்துக் கேட்டனர். ஏ.டி.எஸ்.பி. முறையும் இத்தகையதே. தன் இருப்பைச் சொல்லும் கருவி ஒன்று; பிறர் சொல்வதைக் கேட்டுத் திரையிற் காட்டும் கருவி மற்றொன்று. இரண்டும் பொருத்திய இரு சிறு விமானங்கள், பக்கத்தில் எந்தக் கோபுரமும் இல்லாத காட்டுக்கு மேலே பறந்தாலும், ஒன்றையொன்று அறிந்துகொள்ளும்.

அறிந்துகொள்ளாவிடின் என்ன நேரும்? நம் அயல்நாட்டிலேயே ஒரு கொடிய சான்று உண்டு. 1996ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் மாலை, தில்லியிலிருந்து புறப்பட்ட சவூதி விமானம் ஒன்றும், தில்லியில் இறங்க வந்த கஸக்ஸ்தான் விமானம் ஒன்றும் ஹரியானா மாநிலத்துச் சர்க்கி தாத்ரி என்னும் ஊருக்கு மேலே நேருக்குநேர் மோதின. இரண்டிலும் இருந்த 349 பேரும் மாண்டனர். ஒரு விமானம் 14,000 அடியிலும் மற்றையது 15,000 அடியிலும் நிற்கவேண்டும் என்பது கட்டளை. இறங்கிவந்த விமானம் தனக்கு விதித்த உயரத்துக்குக் கீழே தாழ்ந்துவிட்டது. அக்காலத்தில் தில்லியில் இருந்த ராடாரோ விமானத்தின் இடத்தைக் காட்டியதேயன்றி, அதன் உயரத்தைக் காட்டவில்லை. கட்டுப்பாட்டாளர் இரு குறிகள் நெருங்குவதைக் காணலாம். அவை ஒரே மட்டத்தில் நெருங்குகின்றன என்பதைக் காண வழியில்லை. அவ்விபத்தின் பின்னர், தன் வான்பரப்பிற் பறக்கும் பெரிய விமானங்கள் மோதல் தவிர்க்கும் கருவியைப் பொருத்தவேண்டும் என இந்தியா கட்டாயப்படுத்தியது. உயரம் என்ற ஒரேயொரு செய்தி விடுபட்டமை எவ்வளவு பெரிய இழப்புக்கு இடமளித்தது என்பதை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். அதே குறை இப்பேச்சில் மீண்டும் வரப்போகிறது.

பெரிய விமானங்களுக்குப் பெரிய நிறுவனங்கள் உண்டு, பணம் உண்டு, பாதுகாப்புக் கருவிகள் விரைவில் வந்துசேரும். நான்கு பேர், பத்துப் பேர் ஏறும் சிறு விமானத்தின் நிலை வேறு. அது தாழப் பறக்கும். மழைமேகத்துக்கு மேலே ஏறிச் செல்லும் வலிமை அதற்கில்லை. இறங்குமிடத்திற் பெரும்பாலும் கோபுரமும் இராது. விமானி தம் கண்ணையே நம்பவேண்டும். இந்தச் சிறு விமானங்களைக் கருத்திற் கொண்டு நடந்த முதலாவது பெரும் முயற்சி அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் நடந்தது.

அலாஸ்காவின் மேற்குப் பகுதியிற் பெத்தல் என்றொரு சிற்றூர் உண்டு. அதனைச் சூழ்ந்த ஆற்றுப் படுகையில் ஊர்களை இணைக்கும் நெடுஞ்சாலைகள் இல்லை. கடிதமும் மருந்தும் நோயாளியும் ஆசிரியரும் சிறு விமானத்திலேயே செல்லவேண்டும். மாரியில் வெள்ளம் சாலைகளைத் துண்டித்த காலத்தில் வன்னிக் கிராமங்கள் இருந்த நிலையை எண்ணிப் பாருங்கள். அந்த நிலை அவர்களுக்கு ஆண்டு முழுவதும். அங்கே விமான விபத்துகள் மிகுந்திருந்தன. 1999ஆம் ஆண்டளவில் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிருவாகம் கேப்ஸ்டோன் என்ற பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கி, அப்பகுதியின் சிறு விமானங்களில் அரசாங்கச் செலவிலேயே கருவிகளைப் பொருத்தியது. செய்மதி மூலம் இடமறியும் கருவி, இருப்பை ஒலிபரப்பும் கருவி, அயலில் பறக்கும் விமானங்களையும் நிலத்தின் மேடுபள்ளங்களையும் வானிலையையும் காட்டும் திரை என யாவும் விமானியின் முன்னே வந்தன. ராடார் எட்டாத அவ்வெளியில், 2001ஆம் ஆண்டு முதல், இவ்வொலிபரப்பைக் கொண்டே விமானங்களுக்கு வழிகாட்டினர். 2000 முதல் 2004 வரையான காலத்தில், கருவி பொருத்திய விமானங்களின் விபத்து வீதம் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்தது என்பது ஆய்விற் கண்ட முடிபு.

அந்தப் பட்டறிவே பின்னர் நாடு முழுவதற்கும் சட்டமாயிற்று. 2020ஆம் ஆண்டு சனவரி முதலாம் நாள் தொடக்கம், அமெரிக்காவின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட வான்பரப்பின் பெரும்பகுதியிற் பறக்கும் விமானம் யாவும் தம் இருப்பை இம்முறையில் ஒலிபரப்புதல் கட்டாயமாயிற்று. சட்டம் இயற்றியதோடு அரசு நின்றுவிடவில்லை. சிறு விமான உரிமையாளர் 20,000 பேர் வரையில், ஆளுக்கு 500 டொலர் உதவி வழங்கும் திட்டமொன்றை 2016ஆம் ஆண்டில் அறிவித்தது. அவுஸ்திரேலியாவும் பின்னர் அத்தகைய உதவியை அளித்தது. ஏழை உழவனிடம் விளக்கில்லாத வண்டியை இரவில் ஓட்டாதே என்று சொல்பவர், ஒரு விளக்குக்கும் வழி செய்யவேண்டும் அல்லவா?

அடுத்து வானிலையைப் பற்றிச் சில சொல்லவேண்டும். அமெரிக்காவில் நிலத்திலுள்ள நிலையங்கள், மழைமேகங்களின் ராடார்ப் படத்தைச் சிறு விமானத்தின் திரைக்குக் கட்டணமின்றி அனுப்புகின்றன. எங்கே இடி, எங்கே பெருமழை என்பதை விமானி வண்ணங்களிற் காணலாம். பெருநன்மை, ஐயமில்லை. ஆயினும் 2012ஆம் ஆண்டில் அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை விமானிகளுக்கு ஓர் எச்சரிக்கை விடுத்தது. திரையின் ஓரத்தில், இப்படம் ஒரு நிமிடத்துக்கு முந்தியது என்று எழுதியிருக்கலாம். அது படத்தைத் தொகுத்த நேரம். படத்துக்குள் இருக்கும் மழையைக் கண்ட நேரம் அதைவிடப் பதினைந்து, இருபது நிமிடம் முந்தியதாகவும் இருக்கக்கூடும். அதற்குள் இடிமேகம் பல மைல் நகர்ந்திருக்கும். திரையில் வெற்றிடமாகத் தோன்றிய வழியிற் புகுந்து, புயலின் நடுவிற் சென்று மாண்டவர் உளர்.

புயல் என்பது நமக்குத் தொலைவான செய்தியன்று. 2018ஆம் ஆண்டு டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் வெள்ளத்தில் மூழ்கியதை நாம் மறக்கவில்லை. 2020ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் இரவு, புரெவிச் சூறாவளி திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையிற் கரையேறியது. அவ்விரவுகளில் வானொலியின் முன்னமர்ந்து வானிலை அறிவித்தலைக் கேட்டவர்கள் ஒன்றை நன்கு அறிவர். அறிவித்தல் எத்தனை மணிக்கு உரியது என்று கேளாமற் பாதி செய்தியைக் கொண்டு ஓடியவர்களே அதிகம் அல்லற்பட்டனர். செய்தியைப் போலவே செய்தியின் நேரமும் முதன்மையானது. நான் என் மாணவருக்கும் இதனையே சொல்வதுண்டு.

இனி, முன்னர் நான் மனத்தில் இருத்தச் சொன்ன செய்திக்கு வருகிறேன். 2019ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் நாள். இடம், அதே அலாஸ்காவின் தென்கிழக்கிலுள்ள கெச்சிக்கன். சுற்றுலாப் பயணிகளை ஏற்றிய இரண்டு நீர்விமானங்கள், நண்பகல் வேளையில் மோதிக்கொண்டன. ஆறு பேர் மாண்டனர். வியப்பு யாதெனில், இரண்டு விமானங்களிலும் இந்தப் புதிய கருவிகள் இருந்தன என்பதே. பின் ஏன் மோதின?

ஆய்ந்தறிந்தோர் சொன்ன காரணங்கள் இவை. ஒரு விமானத்தில் உயரத்தை ஒலிபரப்புவதற்கான சிறு பகுதி பல நாட்களாகவே இயக்கப்படாமல் இருந்தது. அது தன் இடத்தைச் சொல்லியது, உயரத்தைச் சொல்லவில்லை. உயரம் தெரியாமையால், மற்றைய விமானத்திலிருந்த கருவி அபாய ஒலி எழுப்பவில்லை. முதல் விமானத்திலும், முன்பு எச்சரித்து வந்த பழைய கருவியை நீக்கி அமைத்த புதிய ஏற்பாட்டில் எச்சரிக்கை ஒலி இல்லாமற் போயிருந்தது. விமானிகளோ தம் கண்களையே நம்பியிருந்தனர். விமானத்தின் சட்டங்களும் சிறகும் கண்ணை மறைத்தன. சர்க்கி தாத்ரியில் உயரம் சொல்லும் கருவி கட்டுப்பாட்டாளரிடம் இல்லை. கெச்சிக்கனிற் கருவி இருந்தது. ஆனால் அது இயக்கப்படவில்லை. இருபத்துமூன்று ஆண்டு இடைவெளியில், உலகின் இரு கோடிகளில், விடுபட்ட செய்தி ஒன்றே.

நேயர்களே, நான் இன்று சொல்ல வந்ததன் சாரம் இதுவே. கருவி வாங்குவது பாதி வேலை. அது பேசுகிறதா, முழுமையாகப் பேசுகிறதா என்று நாள்தோறும் பார்ப்பது மற்றப் பாதி. காவற்கொட்டிலில் ஆள் இருந்தும் கூவாவிட்டால், அடுத்த வயற்காரருக்கு அது ஆளில்லாத கொட்டிலே.

இனி நம் நாட்டை நோக்குவோம். வவுனியாவிலும் இரணைமடுவிலும் விமானப்படையின் ஓடுபாதைகள் உள்ளன. பயணிகள் நாளாந்தம் ஏறி இறங்கும் விமான நிலையம் வன்னிப் பெருநிலத்தில் இல்லை. நமக்கு அண்மையில் உள்ளது பலாலியே. அது 2019ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. தெற்கிலிருந்து அங்கே செல்லும் சிறு விமானங்கள் நம் குளங்களுக்கும் காடுகளுக்கும் மேலாகப் போகின்றன. வெள்ளக் காலத்தில் ஹெலிகொப்டர்கள் தாழப் பறந்து உணவும் மருந்தும் கொண்டுவருகின்றன. அமெரிக்காவிற் போல விமானத் திரைக்கு வானிலைப் படம் அனுப்பும் நிலத்து நிலையங்கள் நமக்கு வாய்க்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒன்றையொன்று அறிந்துகொள்ளும் கருவிகள் இரு விமானங்களில் இருந்தாலே முதற்பயன் கிட்டும். மழைக்காலத்து மங்கிய வானத்தில், ஒரே கிராமத்தை நோக்கி இரு விமானிகள் உதவிக்கு விரையும்போது, அப்பயன் உயிரின் விலையுடையது.

மற்றொன்றையும் மிகுந்த தயக்கத்தோடு சொல்கிறேன். 1998ஆம் ஆண்டு செப்டெம்பர் 29ஆம் நாள், பலாலியிலிருந்து கொழும்பு நோக்கிப் புறப்பட்ட லயன் எயார் விமானம், மன்னாருக்கு வடக்கேயுள்ள கடலின் மேல் மறைந்தது. அதில் 55 பேர் இருந்தனர். பெரும்பாலோர் தமிழ்ப் பயணிகள். அது சுட்டு வீழ்த்தப்பட்டது என்பதே பின்னர் வெளியான முடிபு. எந்த ஒலிபரப்புக் கருவியும் ஏவுகணையைத் தடுத்திராது. அவ்வாறு நான் சொல்ல வரவில்லை. நான் நினைப்பது காத்திருந்தவர்களை. அவ்விமானத்தின் சிதைவுகள் கிளிநொச்சி மாவட்டத்து இரணைதீவுக்கு அப்பாற் கடலடியிற் கண்டெடுக்கப்பட்டது 2012ஆம் ஆண்டில். பதினான்கு ஆண்டுகள்! அதுவரையில் எத்தனை தாய்மார் வாசலைப் பார்த்திருந்தனர். எத்தனை வீடுகளில் திவசம் கொடுப்பதா, காத்திருப்பதா என்று அறியாமற் கலங்கினர்! நொடிக்கு இருமுறை தன் இடத்தைச் சொல்லும் விமானம், தன் இறுதி நொடியின் இடத்தையும் சொல்லிவிட்டே போகும். காணாமற் போனோரைத் தேடும் துயரத்தை அறிந்த நம் மக்களுக்கு, இடம் தெரிதல் என்பதும் ஓர் ஆறுதல் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

நிலத்திற் கேட்கும் நிலையம் இல்லாத நடுக்கடலில் விமானத்தின் குரலை யார் கேட்பார் என நீங்கள் வினவலாம். 2014ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள் 239 பேருடன் மறைந்த மலேசிய விமானத்தின் பின்னர் உலகமும் அதே வினாவை எழுப்பியது. 2019ஆம் ஆண்டு முதல், பூமியைச் சுற்றிவரும் இரிடியம் என்னும் 66 செய்மதிகளில் அமைந்த கருவிகள், கடலின் மேலும் துருவத்தின் மேலும் பறக்கும் விமானங்களின் ஒலிபரப்பைக் கேட்டு வருகின்றன. ஆனால் மலேசிய விமானத்தின் ஒலிபரப்பு இடைவழியிலேயே நின்றுபோனது என்பதையும் மறக்கலாகாது. பேசாத விமானத்தை எந்தச் செய்மதியும் கேட்க இயலாது.

இம்முறைக்கு வேறு குறைகளும் உண்டு. செய்மதியின் அலை பூமியை வந்தடையும்போது மிக மெலிந்துவிடுகிறது. அதனைப் பேரிரைச்சலால் மூழ்கடிக்கலாம். பொய் அலையைக் காட்டி விமானத்தை ஏமாற்றவும் செய்யலாம். போர் நடக்கும் நாடுகளை அண்டிய வான்வழிகளில் இக்கொடுமை அண்மைக் காலத்தில் நிகழ்ந்து வருகிறது. படைத்துறை விமானங்கள் பல தம் இருப்பை ஒலிபரப்புவதில்லை. ஆகவே கைத்தொலைபேசித் திரையில் வராதவை வானத்தில் இல்லை என்று எண்ணிவிடலாகாது. இக்காரணங்களால் ராடாரையும் விமானியின் கண்ணையும் ஒருவரும் கைவிடவில்லை. புதிய கருவி பழைய விழிப்புக்குத் துணையாக வந்தது. அதற்கு ஓய்வு கொடுப்பதற்காக வரவில்லை.

அன்று காலை அந்த மாணவி விடை கேட்டபின் வகுப்புக்கு ஓடிவிட்டாள். நான் சற்று நேரம் முற்றத்திலேயே நின்றேன். விமானத்தின் ஒலி வடக்கே தேய்ந்து மறைந்தது. என் தலைமுறைக்கு அந்த ஒலி பெயரற்ற ஒன்று. எவருடையது, எதற்காக என்று அறிய முடியாத ஒன்று. அவளுடைய தலைமுறைக்கோ அதற்கு ஒரு பெயர் உண்டு. புறப்பட்ட ஊர் உண்டு. போய்ச் சேரும் ஊர் உண்டு. வானத்தின் அச்சம் நீங்குவதற்குச் சமாதானம் முதலில் வேண்டும். அதன் பின்னர், தன்னைப் பிறருக்கு அறிவித்துக்கொண்டு செல்லும் பண்பும் வேண்டும். இரண்டாவது பண்பை ஒரு சிறு கருவி விமானங்களுக்குக் கற்பித்துவிட்டது.

மறுநாள் அந்த மாணவியை அழைத்து, இவ்வளவையும் அவளுக்குச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்ப சேர், பறக்கிற எல்லாரும் இதை நிப்பாட்டாமல் வைச்சிருந்தால்தானே எல்லாருக்கும் நல்லது?" என்றாள். ஆம் என்றேன். நீண்ட பேச்சில் நான் சொல்ல முயன்றதை அவள் ஒரு வரியிற் சொல்லிவிட்டாள். அவளைப் போன்ற பிள்ளைகளுள் ஒருவர் நாளை விமானியாகவோ, கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பவராகவோ, இக்கருவிகளைப் பழுதுபார்க்கும் பொறியியலாளராகவோ வருவாராயின், நம் வயல்வெளியின் இரவுக் கூவலை அவர் மறவாதிருக்க வேண்டும் என்று வாழ்த்தி அமைகிறேன்.